ஒர்சோலாவின் மூச்சு

ஒர்சோலா ஊதமாட்டாள். வாயை அகலத் திறந்து, ஈர மையின் மேல் மெதுவாக மூச்சு விடுவாள். ஊதினால் மை ஓடிவிடுமாம். ரோம் நகரத்துக் குளிரில் அந்த மூச்சு ஆவியாகக் காகிதத்தில் படர்வதை, கஸ்பரோ தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

கட்டடப் படங்களுக்குக் கோடு போடுவது கஸ்பரோ; நிழல் தீட்டுவது அவள். தூரிகை பட்டதும் தூணின் தலையில் தட்டையாகக் கிடந்த கல் இலை சுருண்டு எழும். தூண் திரண்டு நிற்கும். பென்சில் கோட்டை அழிக்கும் பழைய ரொட்டித்துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவாள். அதன் துகள் சன்னலோரக் குருவிகளுக்கு. "கரி தின்னு கறுத்த குருவிங்க நம்ம சன்னல்ல மட்டும்தான்" என்பார் கஸ்பரோ.

அவள் தெருக் கோயிலின் கூரை விழுந்துவிட்டது. பூசை மழையில்தான். அதன் இடத்தில் இயேசு பாலன் பிறப்பின் பெயரால் கட்டவிருந்த புதுக் கோயிலின் படத்தைப் பார்க்கப் பங்குச் சாமியார் எஜிதியோ வந்தார். தூண்களுக்கு மேலே, பூமாலைகளுக்கு நடுவே, வரிசையாக மாட்டு மண்டையோடுகள்! பழைய ரோமர் பலியிட்ட மாடுகள். அவர்களுடைய இடிந்த கோயில்களைப் பார்த்து வரைந்தே பழகிய கஸ்பரோவின் கை, யோசிக்காமல் போட்டுவிட்டது.

"பிள்ளை பிறந்த வீட்டுல எலும்பைத் தொங்க விடுவியா, கஸ்பரோ?"

"அலங்காரந்தானே சாமி..."

"உனக்கு அலங்காரம். காசு குடுக்கற கர்தினால்கிட்ட திட்டு வாங்கறது நான். சாயங்காலம் அவரைப் பாக்கணும். இதைக் காட்ட முடியலேன்னா, கூரை அடுத்த வருசந்தான்."

மறுபடி வரைய நேரமில்லை. கஸ்பரோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் தள்ளுங்கய்யா. உங்க பெருமூச்சுல காகிதம் பறக்குது."

ஒர்சோலா மண்டையோட்டுக் கண்குழியின் கறுப்பில் கத்திமுனையால் ஒரு புள்ளி வெள்ளை சுரண்டினாள். எலும்பின் மேல் சாம்பல் நிறத்தால் சதை ஏற்றினாள். காது முளைத்தது. மூக்கில் ஈரம் மினுங்கியது. செத்த மாடு கஸ்பரோவைத் திரும்பிப் பார்த்தது. அவர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொரு மாடாக எழுந்தது. சாமியாரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாரு மாடும்மா இது?"

"தெரியலையா சாமி? தொழுவத்துல பாலனுக்குக் குளிராம மூச்சு விட்டுக்கிட்டே நின்னுச்சே, அது."

அவர் படத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"இருங்க சாமி, ஈரம்."

ஒர்சோலா குனிந்தாள். வாயை அகலத் திறந்து, மெதுவாக மூச்சு விட்டாள்.