சாய்ந்து நின்ற இருபத்து நாலு

1. லட்சணம்

“சார்ட்டுல எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது பாரும்மா கலைச்செல்வி. மதியம் ஹெட் ஆபீஸ்காரங்க வராங்க. பாத்தா சிரிப்பாங்க. கொஞ்சம் தள்ளித் தள்ளி வெச்சுக் குடு.”

எங்கள் மேனேஜர் சபாபதி சாருக்கு எதுவும் லட்சணமாக இருக்க வேண்டும். பைல் கட்டும் நாடாகூட ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். நான் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பிராசஸ் பிரிவில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். 2006 வாக்கில் நடந்தது இது. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். ஆலையின் பேர் இங்கே வேண்டாம்.

சிமெண்ட் ஆலைக்கு உயிர் கில்ன். படுக்கவைத்த பெரிய இரும்புக் குழாய். உள்ளே நெருப்பு, சுற்றிலும் நெருப்பைத் தாங்கும் கல். கல் தேய்ந்தால் அந்த இடத்தில் வெளி இரும்பு சூடாகும். எந்த மீட்டரில் எவ்வளவு சூடு என்று ஒரு ஸ்கேனர் அளக்கும். அதை சார்ட்டாக்கித் தரும் புரோகிராம் ஹெட் ஆபீஸிலிருந்து சிடியில் வந்தது. சார்ட் வரைந்து தரும் ஏதோ ஒரு ப்ளாட்டிங் லைப்ரரியை வைத்து எழுதியது. அந்த வாரம் சூடு ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றதால் கில்னை நிறுத்தி ஆறவைத்திருந்தார்கள். அந்த இடத்துக் கல்லை மட்டும் உடைத்து மாற்றுவதாகத் திட்டம். அன்று காலையில்தான் ஆட்கள் உள்ளே இறங்கியிருந்தார்கள்.

சார்ட்டின் கீழ் அச்சில் வெறும் மீட்டர் எண் போட்டிருந்தால் தொல்லையே இல்லை. “24 மீட்டர் பர்னிங் ஸோன்” என்று ஒவ்வொன்றுக்கும் கில்ன் பகுதியின் பெயர் ஒரு வால். இடம் பற்றாமல் எழுத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்படியும் இடித்தது. நான் எழுத்தைச் சிறிதாக்கினேன், தாளை அகலமாக்கினேன். இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினால் என்ன என்று கோணத்தை மாற்றினேன். எழுத்து நிமிர்ந்தபோது அதன் தலை, அச்சை ஒட்டி நிற்கும் மேல் முனை, நகர்ந்தது. முன்பு இருபத்தாறாம் மீட்டர் கோட்டுக்கு அடியில் முடிந்த “24” லேபிளின் தலை, இப்போது இருபத்து நாலை நோக்கி வந்தது.

இரண்டு கோணத்தையும் மாறி மாறி வைத்துப் பார்த்தேன்.

லைப்ரரி எழுத்தின் நடுப்பகுதியைக் கோட்டுக்கு நேராக வைக்கும். நேராகப் படுத்த எழுத்துக்கு அது சரி. நீளமான எழுத்தைச் சாய்த்தால் தலை அடுத்த கோட்டில் போய் முட்டும். பார்க்கிறவர் கண் தலையைத்தான் பிடிக்கும். சூடு உச்சியில் நின்றது இருபத்தாறில். பழைய பிரிண்டைப் பார்த்தால் எவரும் இருபத்து நாலு என்றுதான் சொல்வார். அந்தப் பழைய பிரிண்ட் முந்தின நாளே கில்னுக்குப் போய்விட்டது.

2. மேட்டுப் பக்கம்

கில்ன் மேடைக்குப் போன் அடித்தேன். அங்கே கல்லுடைக்கும் பிரேக்கர் ஓடும் சத்தத்தில் போன் மணி யாருக்குக் கேட்கும்? சாரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

“எழுத்து தள்ளி நிக்குது, அவ்வளவுதானே? அதத்தானே சரி பண்ணச் சொன்னேன்.”

“சார், தள்ளி நிக்கறது எழுத்து இல்ல, எடம். ரெண்டு மீட்டர் தள்ளி ஒடைக்கிறாங்க.”

“மேஸ்திரி அந்தோணி எத்தனை கில்ன் பாத்தவரு. அவருக்குத் தெரியாதா? எறங்குன ஆளுங்கள வெளியேத்திட்டு, அப்பறம் நீ சொன்னது தப்புன்னா மேல நான் என்ன பதில் சொல்றது?”

“தப்புன்னா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க சார்.”

அவர் வாய் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயம்தான் அதிகம். ஏனென்றால் கில்ன், நெருப்பு ஊதும் பர்னர் பக்கம் சரிந்திருக்கும்; மீட்டரையும் அங்கிருந்துதான் எண்ணுவார்கள். உடைத்த கல் சரிவில் உருளும் என்பதால், உடைக்கிறவர்கள் எப்போதும் மேட்டுப் பக்கம் நிற்பார்கள். இருபத்து நாலை உடைக்கிறவன் நிற்கும் மேட்டுப் பக்கம் இருபத்தாறு. பிடிப்பு விட்ட கல்லுக்கு நேர் அடியில், கெட்டியான இடம் என்று நம்பி நிற்கிறார்கள்.

புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்புப் படி ஏறினேன். கில்ன் வாசலில் மேஸ்திரி அந்தோணி நின்றிருந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். அவர் தம்பி ஆரோக்கியம் உள்ளே இருந்தான்.

“மேஸ்திரி, ஆளுங்கள வெளிய கூப்புடுங்க!”

“எதுக்கும்மா? இப்பதான் வேலை சூடு புடிச்சிருக்கு.”

“சார்ட்டு எங்க?”

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதில் பென்சில் கோடு இருந்தது. லேபிளின் தலையில் இரும்பு ஸ்கேலை வைத்து நேர் மேலே இழுத்த கோடு. நான் நினைத்தபடியே இருந்தது. அந்தக் கோட்டின் அடியில் விரலை வைத்தேன்.

“இது எழுத்தோட தல. கோடு இங்க இருக்கு பாருங்க, இந்தச் சின்னக் கோடு. மொனையிலேருந்து எண்ணிட்டு வாங்க.”

அவர் விரல் வைத்து எண்ணினார். இருபத்து ரெண்டு, இருபத்து நாலு, இருபத்தாறு. விரல் நின்றது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து விடாமல் ஊதினார்.

“ஏலேய் ஆரோக்கியம்! போட்டது போட்டபடி கெடக்கட்டும், வெளிய வாங்கடா! மேல பாக்காத, ஓடியா!”

ஒவ்வொருவராகக் குனிந்து வந்தார்கள். கடைசியாக வந்த ஆரோக்கியம், “டீ வந்துருச்சாண்ணே?” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்த ஆட்களை எண்ணி முடித்த பிறகு, கில்னைக் கால் சுற்று மட்டும் திருப்பச் சொன்னார் மேஸ்திரி. கில்ன் மெல்ல நகர்ந்தது. உள்ளே முதலில் ஒரு கல் விழுந்த சத்தம். அப்புறம் மேடையே அதிர, மொத்தமாகச் சரிந்தது. வாசல் வழியாகப் புகை மாதிரி தூசி வந்து எங்கள் முகத்தில் அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஆரோக்கியம் விட்டுவந்த பிரேக்கரின் கைப்பிடிகூடத் தெரியவில்லை.

அந்தோணி கீழே உட்கார்ந்துவிட்டார். தம்பியின் கையை வெகுநேரம் விடவில்லை. அவன்தான், “வுடுண்ணே, எல்லாரும் பாக்குறாங்க” என்றான்.

சபாபதி சார் மூச்சு வாங்க ஏறி வந்தார். எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்த எழுத்த மாத்திட்டியாம்மா?”

3. கையை வையுங்கள்

இடத்தைச் சரிசெய்யப் புரோகிராமில் மாற்றியது ஒரே ஒரு சொல். எழுத்தின் நடுவுக்குப் பதில், வலது முனை கோட்டுக்கு நேராக நிற்கட்டும் என்று எழுதினேன். கூடவே வாலையும் வெட்டி வெறும் எண்ணாக்கினேன். லட்சணம் போச்சு என்று யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லேபிள் இடிக்காமல் நின்றால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்து வேலை செய்யப்போகிறவர் கையில் கொடுங்கள். இந்த எண் எந்த இடம், கையை வையுங்கள் என்று கேளுங்கள். அவர் கை எங்கே போகிறதோ, அதுதான் நீங்கள் போட்ட சார்ட்.

அதற்குப் பிறகு அந்தோணி எந்த சார்ட்டையும் என் மேஜைக்கு வராமல் வாங்கிப் போனதில்லை. தாளை விரித்து, விரலை வைத்து, நான் தலையாட்டும் வரை எடுக்கமாட்டார். நான் லீவில் இருந்த நாட்களில் வேலையை மறுநாளைக்குத் தள்ளிப்போடுவாராம்.