மகளின் சிரிப்பைச் சந்தேகித்த வருடம்

முதலில் என்னைப் பயமுறுத்தியது ஒரு சிரிப்பு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஜீவிதா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் சொல்லாமலே வீட்டுப் பாத்திரம் முழுவதையும் எடுத்துப்போட்டுத் தேய்த்தாள். தேய்த்தபடியே பாடினாள், தனக்குள் சிரித்துக்கொண்டாள். மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் அழுதாள்.

வேறொரு தாய் வயசுக் கோளாறு என்று விட்டிருப்பாள். எனக்கு இருமுனைக் கோளாறு (மனம் அளவு மீறி எழும்பி, பிறகு அடியோடு விழும் நோய்) இருக்கிறது. அவளுக்கு நான்கு வயதானபோது மூன்று நாள் தூங்காமல் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். புடவைகளைத் தெருவில் போவோருக்குக் கொடுத்தேன். நான்காம் நாள் காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தேன். பத்து வருடமாக லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மருந்து) சாப்பிடுகிறேன். திருப்புலிவனத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும்.

அந்த ஞாயிறிலிருந்து மகளைக் கண்காணிக்கத் தொடங்கினேன். எவ்வளவு தூங்கினாள், எவ்வளவு வேகமாகப் பேசினாள் என்று பார்த்தேன். அவள் பள்ளிக்குப் போனபின் நோட்டுகளைப் புரட்டினேன். கையெழுத்து கொஞ்சம் பெரிதாகியிருந்தாலும் பழைய நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்படி முறைத்துக்கொண்டே இருந்தால் நல்ல பிள்ளைக்கும் நோய் வந்துவிடும் என்றார் என் கணவர். அவர் எதையோ மறைப்பதாக அவரையும் சந்தேகித்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு நாள் ஜீவிதா யாருடனும் பேசவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. என்னைப் பார்க்கும் மருத்துவரிடமே அழைத்துப் போனேன். அந்த அம்மா என்னை வெளியே உட்காரச் சொன்னார். மூடிய கதவுக்குப் பின்னால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. அந்தச் சந்தேகம் மட்டும் சரியாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டதும் ஜீவிதா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"தெனம் காலையில உன் மாத்திர அட்டைய எண்ணிட்டுதாம்மா ஸ்கூலுக்குப் போறேன். ஒன்னு கொறையலனா அன்னிக்கி பூரா ஒன்னும் ஓடாது. அன்னிக்கி பாத்தரம் தேச்சனே, அந்த வாரம் எல்லாம் சரியா இருந்துச்சி, அதான் பாட்டு பாடினேன். அப்பறம் சோத்துல ரெண்டு தபா உப்பு போட்டுக்கீற. உனக்கு மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சின்னு நெனச்சேன். இப்பவும் அதே பயந்தான், அதான் ஸ்கூலுக்குப் போவல."

அவளுக்கும் வந்துவிட்டதா என்று மருத்துவரைக் கேட்டேன். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு மனநிலை சட்டென்று மாறுவது கொஞ்சம் அதிகமாகவே காணப்படும். பலருக்கு அது நோயாவதில்லை, சிலருக்கு ஆகலாம் என்றார். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் நாட்கணக்கில் திரிந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ உடனே வரவேண்டும். இப்போதைக்கு மருந்து வேண்டாம், மனநல ஆலோசகரிடம் பேசினால் போதும்.

"வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் சிஐடி வேலை பாக்கறத மொதல்ல நிறுத்துங்க" என்றார்.

மாத்திரை அட்டை இப்போது கணவரின் பொறுப்பு. ஜீவிதா பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கிறாள். எல்லாம் தீர்ந்தது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சந்தேகம் ஒரே நாளில் போகாது என்பது உங்களுக்கே தெரியும்.

போன மாதம் பள்ளியிலிருந்து வந்தவள் பையை எறிந்துவிட்டு அறைக்குள் போனாள். என்னவென்று கேட்டேன்.

"இப்ப கேக்காதம்மா. ரெண்டு நாள் கழிச்சி கேளு."

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிகளை வைத்துத்தான் என் காலத்தை அளந்தேன். இரண்டு நாள் இவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாவைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு தடவை அவள் அறை வரை போனேன். ஆனாலும் கதவைத் தட்டவில்லை.

மூன்றாம் நாள் கேட்டேன். வகுப்பில் அவளுடைய தோழி இடம் மாறி வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். சொல்லும்போது கண் நிறைந்தது.

இவ்வளவுதானா என்று வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு அது பெரிய துக்கம். என் உடம்பிலிருந்து அவளுக்கு வராத, அவளுடைய சொந்தத் துக்கம்.