குனியக்கூடாத உடம்பு

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எழுத்துப்பிழையும் வரும். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பான்காரன் இந்த மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் காஜா பேராங்கில் குடியிருந்தோம். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு என் மனைவிக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. தண்ணீர் தூக்கினால் வெளியே வந்துவிடும். மறைவாகப் போய்க் கையால் உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி வாளியை எடுப்பாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"ஆப்பரேஷன் செஞ்சு மேலே தூக்கித் தைக்கலாம்மா. ஆனா மயக்க மருந்து இருக்கிறதெல்லாம் சிப்பாய்களுக்குத்தான். கனம் தூக்காம இருங்க" என்றார் அவர்.

வழியில் அவள், "நான் தூக்கலேன்னா மரவள்ளிக்கிழங்கு தானா நடந்து வீட்டுக்கு வருமாக்கும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளேபாங்கில் ஒரு மலாய்க்காரப் பீடான் இருந்தார். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. வயிற்றை நீவியே கர்ப்பப்பையை ஏற்றிவிடுவார் என்றார்கள். வயதானவர், தூரம் நடக்கமாட்டார். நாங்கள்தான் போனோம். நான் வாசலிலேயே நின்றேன். நீவி முடித்ததும் மலாயில் என்னைக் கூப்பிட்டார்.

"உள்ளே வா தம்பி. மூணு பிள்ளைக்கு அப்பன், இப்ப என்ன வெட்கம்? நாளைக்கு இந்தத் துணியை நானா வந்து கட்டுவேன்?"

நீளமான துணியை இடுப்பிலிருந்து மேலே இறுக்கிச் சுற்றக் காட்டிக்கொடுத்தார். கொஞ்ச நாளைக்குக் குனியவே கூடாது என்றார்.

"வழியில சிப்பாய் நிக்கிறானே, அவனுக்குக் குனியணுமே?" என்றேன்.

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை" என்றார்.

திரும்பும்போது அவள் நிமிர்ந்து நடந்தாள். "லேசா இருக்குங்க" என்றாள்.

சாலை முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு வளைய வணங்கித்தான் யாரும் தாண்ட வேண்டும். நான் குனிந்தேன். துணிக்கட்டோடு அவளால் தலையைத்தான் தாழ்த்த முடிந்தது. அவன் கத்தினான். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவன் அவள் பின்கழுத்தைப் பிடித்து அழுத்தினான். போதாதென்று மறுபடியும் அழுத்தினான். நான் குனிந்தபடியே இருந்தேன். அவள் பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

கொஞ்ச தூரம் போனதும், "வந்துடுச்சுங்க" என்றாள்.

"பீடான் வீட்டுக்கே திரும்பிப் போவோமா?"

"போனா? வரும்போது மறுபடி குனியணுமே."

வீட்டுக்கு நடந்தோம்.

அதன் பிறகு தினமும் அவள் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் துணியை நான் கட்டிவிடுவேன். தண்ணீரையும் கிழங்கையும் நானே தூக்கினேன். துணி எதையும் ஏற்றவில்லை, தாங்கிக்கொண்டது. அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்.

ஜப்பான்காரன் போய், ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து வந்துவிட்டது. இப்போது அவளுக்குத்தான் பயம். "இத்தனை வருசம் இதோடவே இருந்துட்டேன். இனிமே கத்தி வைக்கணுமா? நீங்க சொல்லுங்க" என்கிறாள். தைத்தாலும் திரும்ப இறங்காது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிவு கேட்டிருக்கிறார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

1949, புரட்டாசி முதல் சனிக்கிழமை.