கண் வைத்தவன்

கலை உலகத்துக்கு நான் தந்தது ஒரே ஒரு கோட்டான். அதுவும் ஒரு காலைப்பொழுதைத் தாண்டவில்லை. எண்பதுகளின் நடுவில், மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், புளியோட்டால் ஆன கோட்டான்.

அன்று அத்தையைப் பெண் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வருவதாக ஏற்பாடு. அப்பாவின் கடைசித் தங்கை அவள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஊட்டு மருமவ வேலைக்கெல்லாம் போவ வேண்டியதில்லைங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு வருடம் பொறுக்கச் சொல்லி அத்தை அழாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். அப்பா சுவருக்குச் சுண்ணாம்படிக்க ஆள் பிடிக்கப் போய்விட்டார்.

சகுனம் பார்ப்பதில் அந்தக் குடும்பம் பேர்போனது. போன மாதமே வந்திருக்க வேண்டியவர்கள், பூனை குறுக்கே போனதென்று பாதி வழியில் திரும்பியவர்கள். ஆகையால் விடிந்ததும் அப்பா எங்கள் பூனைமேல் கூடையைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றினார். விறகுச் சுமைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு வேறு தெரு வழியாகப் போகச் சொன்னார்.

எனக்கும் தங்கைக்கும் அத்தை வேறு வேலை வைத்திருந்தாள். கிடைக்கிற காய், கொட்டை, பூவைப் பரப்பித் தரையில் படம் செய்யும் வித்தையைப் பயிற்சிப் பள்ளியில் கற்றிருந்தாள்.

"மயில் செய்யலாம் அத்தே" என்றேன்.

"நீலத்துக்கு எங்கடா போறது? புளி தட்டுன ஓடுதான் மூட்டை மூட்டையாக் கெடக்குது. அந்த நெறத்துல என்ன பறவை இருக்குது, நீயே சொல்லு."

நெற்றியைச் சுருக்கி யோசித்தேன். "கோட்டான்!"

"கெட்டிக்காரன். யாருகிட்டயும் சொல்லாத. முடிஞ்சப்புறம் பாத்து அசந்துபோவட்டும்."

எங்களைத் தெருப்பக்கம் குந்தவைத்து, வீட்டைப் பார்த்தபடி வேலை வாங்கினாள். புளியோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, நிஜ இறகுபோலவே இருந்தது. வாலுக்கு மாவிலை. தலையில் நிற்கும் இரண்டு கொம்புக்கு வாகை நெற்று. கண் மட்டும் பாக்கி.

"கண்ண அவங்க வேன் சத்தம் கேட்டப்புறம் வெய்யி. ஆவாரம்பூ சீக்கிரம் வாடிரும்" என்றாள். கலையில் இத்தனை நுணுக்கம் இருக்கிறதா என்று வியந்தேன்.

நடுவில் அப்பா நிலைப்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ்.

"என்னா புள்ள இது, கொடமாட்டம்?"

"பூரண கும்பங்கண்ணா. மேல மாவிலை தெரியுதில்ல?"

"கீழ என்னா ரெண்டு நீட்டிக்கிட்டு?"

"கும்பம் உருளாம அடியில வெக்கிற பிரிமணைங்க."

கும்பத்துக்குப் பிரிமணையும் வைத்த தன் தங்கையின் பொறுப்பில் அப்பாவுக்குப் பரம திருப்தி. உள்ளே போய்விட்டார். அத்தையும் பின்னாலேயே புடவை மாற்றப் போனாள்.

வேன் உறுமியது. ஆவாரம்பூவை இரண்டு வட்டமாகக் குவித்து, நடுவில் கறுகறுவென்று பூந்திக்கொட்டையை அழுத்தினேன். கோட்டான் சட்டென்று உயிர் பெற்று முறைத்தது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா வலது காலை முன்னே வைத்து இறங்கினார். கால் தரையைத் தொடவில்லை. அந்தரத்தில் நின்று, வந்த வழியே வேனுக்குள் போனது.

"வாசல்லயே கோட்டான உக்கார வெச்சிருக்காங்கப்பா! வண்டியத் திருப்பு!"

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். "அய்யய்யோ, அது பூரண கும்பமுங்க!"

"கும்பத்துக்குக் கண்ணு இருக்குமாய்யா?"

வேன் பின்னால் வந்து திரும்பியதில் ஒரு சிறகு நொறுங்கியது. அப்பா தெருவுக்கு வந்து முதல்முறையாக நேராகப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் ஒரு படைப்பைப் பார்த்து நான் அறிந்ததில்லை.

"யார்றா கண்ணு வெச்சது?"

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு யாரும் கை தூக்குவதில்லை. நான் தூக்கினேன். "நாந்தாம்பா!"

அடி விழுந்தது. மீதிக் கோட்டானை அப்பாவின் காலும் பக்கத்து வீட்டுக் கோழிகளும் பார்த்துக்கொண்டன.

"அத்த அழுவுறா, உள்ள போவாத" என்று அம்மா தடுத்தாள். கேட்காமல் போனேன். தானியக் குதிருக்குப் பக்கத்தில் அத்தை முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. நான் வைத்த கண்களால்தான் அவள் கல்யாணம் நின்றுபோனதென்று நினைத்து, பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அழுவாத அத்தே. அடுத்தவங்க வர்றப்ப கண்ணச் சின்னதா வெச்சிடறேன்."

குலுங்கல் இன்னும் அதிகமானது. முந்தானைக்குள்ளிருந்து மூச்சுத் திணறிக்கொண்டு குரல் வந்தது.

"வேணாஞ்சாமி... அதே அளவே இருக்கட்டும்."

இத்தனை துக்கத்திலும் என் கலையை மதிக்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.