பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு

அறுவடைப் பண்டிகையின் காணிக்கைப் பாட்டுக்கு நான் பாஸ் கிட்டார் வாசிக்கலாம் என்று சித்தி ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. நிபந்தனை இது: கீபோர்டு அண்ணன் சரி என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக எங்கள் சர்ச்சில் பாஸ், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சுரம், அவருடைய இடது கைதான். அந்தக் கை ஓய்ந்தால்தான் எனக்கு வேலை.

எனக்கு ராகம் தெரியாது, நோட்டேஷனும் தெரியாது. டேப்ளேச்சர் மட்டும் தெரியும். நான்கு கம்பிக்கு நான்கு கோடு, கோட்டின் மேல் எண்கள். மூன்று என்றால் மூன்றாவது கட்டத்தில் விரலை வை. பூஜ்யம் என்றால் விரலே வைக்காமல் கம்பியைச் சும்மா தட்டு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் பராமரிப்பில் இருக்கிறேன். நாள் முழுக்க வயரிங் படம் பார்க்கிறவளுக்கு இதைவிட இணக்கமான எழுத்து கிடைக்காது.

ஒரு குறை உண்டு. விரல் எங்கே என்று அது சொல்லும், எப்போது என்று சொல்லாது. நான் பிடித்துக்கொண்டதோ ஃபங்க் என்கிற மேற்கத்திய ஆட்ட இசை. அதில் எல்லாமே 'எப்போது'தான். இரண்டு தட்டு, ஒரு சின்ன மூச்சு, பிறகு எதிர்பாராத இடத்தில் ஒரு துள்ளல். அந்த மூச்சைப் பழக, பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிபன் பையின் மேல் விரலால் தட்டிக்கொண்டே போவேன். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மா என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நரம்புத் தளர்ச்சிக்கு மதுரையில் நல்ல டாக்டர் இருப்பதாகச் சொன்னார்.

எங்கள் காணிக்கைப் பாட்டோடு பொருந்துகிற ஒரு ஃபங்க் வரி பயிற்சித் தாள்களில் கிடைத்தது. தடித்த கம்பியின் பூஜ்யத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி அந்தப் பூஜ்யத்துக்கே வந்து சேரும். முதல் ஒத்திகையில் கீபோர்டு அண்ணன், "சர்ச்சுக்குள்ள டான்ஸ் ஆட விடுவாங்களா, தங்கச்சி?" என்றார். அவர் பள்ளிக்கூட வாத்தியார், எதையும் கேள்வியாகத்தான் கேட்பார். அடுத்தடுத்த ஒத்திகைகளில் கேள்வி நின்றது. பொறவு அவர் செருப்பு தாளம் போட்டது. டிரம்ஸ் வாசிக்கிற போலீஸ்கார மாமா அதைக் கண்ணால் எனக்குக் காட்டினார்.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் அசனம், சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. விடியலிலிருந்து அதற்கு வெங்காயம் உரிப்பதும் விறகடுப்பு ஊதுவதும் பாடகர் குழுப் பெண்கள்தான். அதே பெண்கள் கையைக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு பாட வந்து நிற்பார்கள். அன்று தொண்டை எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. புகையில் கட்டிப்போய் மேல் சுரம் எட்டாது என்று கீபோர்டு அண்ணனுக்குத் தெரியும்.

ஆராதனை தொடங்கச் செத்த நேரம் இருக்கும்போது, "ரெண்டு இறக்கிட்டேன். வருஷா வருஷம் வெங்காயத்துக்கு ரெண்டு" என்றார்.

கீபோர்டில் சுருதி மாற்றும் பட்டன் உண்டு, அதன் ஒரு படி என் கிட்டாரில் ஒரு கட்டம். அதை இரண்டு இறக்கினால் விரல்கள் பழைய இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் கீழே போகும். அதனால் யாரிடமும் சொல்ல அவருக்கு இதுவரை அவசியமே வந்ததில்லை.

"அண்ணே, என் வரியே பூஜ்யத்துலதான ஆரம்பிக்கி. அதுக்குக் கீழ கிட்டார்ல எடம் கெடையாதே."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வேறு கட்டங்களுக்கு மாற்றி வாசிக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஒரு வாரம் கொடுத்தால். அப்படியானால் இன்றைக்குத் தன் கையே வாசிக்கட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்.

கரகரத்த குரலில் சித்தி சொன்னாள்: "ஏட்டி, மூஞ்சியத் தொங்கப் போடாத. கிட்டாரை மாட்டிக்கிட்டு நில்லு, போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

பிரசங்கம் தொடங்கியது. நான் மில்லின் எடைக்கருவியை நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் கூடையை வைத்தால் கூடையின் எடையை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. பட்டனை அழுத்திப் பூஜ்யத்தையே நகர்த்திவிடுவோம். கீபோர்டு அண்ணனின் பட்டனும் அதைத்தானே செய்கிறது? என் கிட்டாரிலும் பட்டன் இருந்தது, தலைப்பக்கம் நான்கு முறுக்காணிகளாக. நான்கு கம்பியையும் இரண்டு இரண்டு தளர்த்திவிட்டால் தாளில் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டாம்.

கிட்டாரின் தலையைக் கவ்விச் சுருதி காட்டுகிற ட்யூனருக்குச் சத்தம் வேண்டாம், கம்பியின் அதிர்வே போதும். போலீஸ்கார மாமாவின் அகன்ற முதுகுக்குப் பின்னால் குனிந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். தடித்த கம்பி நழுவிக்கொண்டே இருந்தது, திரும்பத் திரும்பச் சரி செய்தேன். போதகர் அன்று நீளமாகப் பேசியதற்காக உள்ளம் நிறைந்து நன்றி சொன்னவள் நான் ஒருத்திதான்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. கீபோர்டு அண்ணனின் இரண்டு கையும் கட்டைகளில் இருந்தன. நான் பூஜ்யத்தைத் தட்டினேன். கம்பி கொஞ்சம் தொளதொளத்து, ஆனால் சரியான இடத்தில் விழுந்தது. அவர் திரும்பி என் விரல்களைப் பார்த்தார், தன் பட்டனைப் பார்த்தார், மறுபடி என் விரல்களைப் பார்த்தார். பழைய கட்டங்களில்தான் இருந்தன. பூசணி, வாழைத்தார், ஒரு சேவல் என்று சபை வரிசையாக முன்னால் வந்தது. வன்னியம்பட்டியிலிருந்து தாரைத் தோளில் சுமந்து வந்தவர் என் துள்ளலுக்குச் சரியாக ஒரு எட்டு வைத்தார். பல்லவி திரும்ப வந்தபோது கீபோர்டு அண்ணனின் இடது கை மெல்ல எழும்பி, தொடை மேல் போய்த் தாளம் போட்டது.

கடைசிச் சரணத்துக்கு முன் அந்தக் கை ஒரே ஒரு வேலை செய்தது. பட்டனை ஒன்று மேலே தட்டிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். முதல் தட்டைத் தவறவிட்டேன். பிறகு எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொண்டேன். ஏறுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் சித்திக்குத்தான், உச்ச இடத்தில் குரல் கீச்சிட்டது.

அசனப் பந்தியில் சித்தி சாம்பார் வாளியோடு வந்து நின்றாள்.

"கடைசில ஏத்துனது யாரு?"

நான் அண்ணனைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார்.