நர்ஸக்காவின் இணையதளத்தில் நான் வைத்த பூ

என் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இரண்டு முறை போனை மாற்றியும் அதை மட்டும் புதிய போனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலை நேரத்தில் வரிசையாக விழுந்த கும்பிடு கைகள்தான் அந்தப் படம். முதல் கை மலேசியாவிலிருந்து வந்தது, "ஆழ்ந்த இரங்கல்" என்ற இரண்டு சொற்களோடு. அடுத்தது சிங்கப்பூர். பிறகு மஸ்கட், திருப்பூர், மேலத்தெரு. மொத்தம் பதினேழு. பதினேழாவது என் சித்தப்பாவுடையது. அவர் எந்தச் செய்தியையும் திறந்து பார்க்க மாட்டார், முன்னால் இருப்பவர் என்ன போட்டாரோ அதையே தானும் போடுவார். செத்துப்போனதாக இத்தனை பேர் கும்பிட்ட அம்மாள் அந்த நேரத்தில் தன் முல்லைக்கொல்லையில் நின்று மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். அவரைக் கொன்றது நான்தான். கம்ப்யூட்டரில் டிப்ளமோ படித்த திமிரில், பூ வைத்தே கொன்றேன்.

இதைச் சொல்வதென்றால் முதலில் நர்ஸக்காவைச் சொல்ல வேண்டும். கீரமங்கலத்துக்கு அங்கிட்டு இருக்கிற எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்தபோது, அவர் அங்கே கிராம சுகாதார செவிலியராகப் பதினைந்து வருடம் ஓட்டியிருந்தார். கீரனூர்ப் பக்கத்துக்காரர். தோளில் தடுப்பூசிப் பெட்டி, கையில் தடித்த பதிவேடு, ஸ்கூட்டி முன்கூடையில் ஒரு பரீட்சை அட்டை. அந்த அட்டையில் வெள்ளைத் தாள்களும் இரண்டு பென்சில்களும் செருகியிருக்கும். ஊசி போட்ட குழந்தையை அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த அரைமணி நேரம்தான் அவருக்குப் பென்சில் நேரம். குழந்தையை வரைய மாட்டார். குழந்தையைத் தூக்கிவந்த பெண்ணை, துணைக்கு வந்த மாமியாரை, வெயிலுக்கு ஒதுங்கிய யாரையாவது கேட்டுவிட்டு வரைவார்.

அக்காவின் படங்களில் ஒப்பனை கிடையாது. "என்ன நர்ஸம்மா, என் மூக்க இம்புட்டுப் பெருசா போட்டுட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டால், "மூக்கு ஒங்களோடது, நான் ஒண்ணும் சேக்கல" என்பார். கேட்டவளே சிரித்துவிடுவாள். போனில் போட்டோ எடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே, இத்தனை பாடு எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "போட்டோன்னா எல்லாரும் மூஞ்சிய மாத்திக்கிறாங்க. அரைமணி நேரம் மாத்திக்கிட்டே ஒக்கார முடியாதுல்ல" என்றார். அந்தப் பதில் எனக்கு அப்போது சரியாகப் பிடிபடவில்லை. அவருடைய படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும்போதுதான் பிடிபட்டது. எனக்குத் தெரிந்த முகங்கள்தான் அத்தனையும், ஆனால் நான் அதுவரை ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அவருக்கென்று ஓர் இணையதளம் இருந்தது. யாரோ ஒரு பிரவுசிங் சென்டர்காரர் எந்தக் காலத்திலோ செய்துகொடுத்தது. கத்தரிப்பூ நிறப் பின்னணி, மேலே 'நல்வரவு' என்று இடதுபக்கமிருந்து வலதுபக்கம் ஓடும் எழுத்து, கீழே ஒன்பது படங்கள், அதில் இரண்டு தலைகீழ். பார்க்கச் சகிக்கவில்லை. "அக்கா, இத நான் புதுசா பண்ணித் தாரேன்" என்றேன். வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விட்டால்தானே? அவருடைய பீரோவில் கிடந்த நூற்று நாற்பது தாள்களையும் வாங்கிவந்து, சுத்தம் செய்து, ஊர்வாரியாகப் பிரித்து, இரண்டு மாதம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், ஊர், வரைந்த தேதி. எல்லாம் பளிச்சென்று வெள்ளைப் பின்னணியில். வேலை முடிந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் பூவுக்குப் பேர்போன பக்கம், ஊரைச் சுற்றி முல்லையும் கனகாம்பரமும்தான். பூச்சந்தைக்குப் போய் நல்ல முல்லைச் சரமாகப் பார்த்துப் படமெடுத்துவந்து, ஒவ்வொரு முகத்தையும் சுற்றி அந்தச் சரத்தைச் சட்டமாக ஓட்டிவிட்டேன்.

நர்ஸக்காவிடம் காட்டினேன். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "பூ எதுக்குடி?" என்றார். "அழகுக்குக்கா" என்றேன். ஒரு நிமிடம் பார்த்தார். இரண்டு மாத உழைப்பு என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும் போல, மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அவர் அன்று என்னைத் திட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

கறுப்பு வெள்ளை முகம். சுற்றிலும் பூச்சரம். கீழே பெயர், ஊர், ஒரு தேதி. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றமில்லை. மூன்றையும் சேர்த்து எங்கள் ஊரில் எவரிடம் காட்டினாலும், "ஐயோ, எப்ப?" என்றுதான் கேட்பார்கள். பஸ் நிறுத்தத்துச் சுவரில் தினமும் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலியை நானும்தான் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன். புத்தி புல் மேயப் போயிருந்தது, வேறென்ன சொல்ல.

மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பும் முன் இணையதளத்தின் இணைப்பை ஊர்க் குழுவில் போட்டேன். இணைப்போடு முதல் படமும் தானாக வந்து நின்றது. அக்கா வரைந்ததிலேயே சிறந்தது என்று நான் முதலில் வைத்திருந்த படம், முல்லைக்கொல்லை அத்தையின் முகம். எனக்கு ஊர் முறையில் அத்தை. புருசன் தவறிய பிறகு இரண்டு மா நிலத்தில் முல்லை போட்டு மகளைக் கட்டிக்கொடுத்தவர். மகன் குவைத்தில் டிரைவர். போய் ஆறு வருடம் ஆகிறது, ஒருமுறைகூட வரவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வீடியோ காலில் வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான், பேசி முடிக்கும்போது "அடுத்த வருசம் கட்டாயம் வாரேன் ஆத்தா" என்பான். அத்தை அதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பதினேழு கைகளும் விழுந்திருந்தன.

முதலில் வந்தது ரேஷன் கடை அண்ணன். அவருடைய முகமும் அந்த நூற்று நாற்பதில் ஒன்று. வாசலில் நின்று, "ஏம்மா, என்னைய எப்ப கொன்னீங்க? மச்சினன் மாலையோட கெளம்பிட்டான்!" என்று சத்தம் போட்டார். குழுவில் மறுப்புப் போட்டேன், அதற்கும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். அதற்குள் நர்ஸக்கா ஸ்கூட்டியில் வந்து நின்றுவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தக் குவைத்துப் பையன் பாத்திருப்பானா?" குழுவில் அவன் பெயருக்கு நேரே, பார்த்துவிட்டதற்கான நீலக்கோடு விழுந்திருந்தது.

அக்கா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அத்தையின் கொல்லைக்கு ஸ்கூட்டியை விட்டார். பாலம் தாண்டும்போது, முன்னால் பார்த்தபடியே சொன்னார். "எத்தனையோ வீட்டுக்குச் சாவுச் சேதி நான் கொண்டுபோயிருக்கேன். பொய்யா ஒண்ணு சொன்னதில்ல. இன்னையோட அந்த சைட்ட மூடிரு." நான் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டு போனேன். இணையதளம் போகிறதே என்று அழவில்லை. அவர் கேட்டு, உட்காரவைத்து, நம்பவைத்து வரைந்த முகங்களை ஒரே காலையில் நான் பாழாக்கிவிட்டேனே என்றுதான் அழுதேன்.

அத்தை மடியில் மொட்டோடு வரப்புக்கு வந்தார். அக்கா ஒன்றையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார், தப்பு தன்னுடையது என்று சொன்னார். நான் குறுக்கே பேசப் போனபோது கையைப் பிடித்து அழுத்தினார். அத்தை என் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கேன். பூவு நம்ம கொல்லப் பூவாத்தா?" என்று கேட்டார். பிறகு வேப்பமரத்தடியில் கிடந்த பைக்குள்ளிருந்து தன் போனை எடுத்தார். அது எப்படியோ சத்தமில்லாமல் மாறிக் கிடந்திருக்கிறது. நாற்பத்தொரு தவறிய அழைப்புகள், எல்லாம் குவைத்திலிருந்து. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை மறுபடி எரிந்தது. மகன்தான்.

அத்தை எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"எடுங்கம்மா, பிள்ள அங்க துடிச்சுக்கிட்டு இருப்பான்" என்றார் நர்ஸக்கா.

"நான் ஆறு வருசமா துடிக்கிறேன் நர்ஸம்மா. ஒரு நா அவன் துடிக்கட்டும்."

அழைப்பு நின்றது. மறுபடி வந்தது. அக்கா கையை நீட்டினார். "நீங்க எடுக்கலன்னா நான் எடுப்பேன்மா. கோவிச்சுக்காதீங்க" என்றார். அத்தை அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாள் எடுக்காமல் விட்டால் மகன் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான், எடுத்தால் அடுத்த வருசம் என்பான். எடுக்கக்கூடாது என்றுதான் நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். கடைசி மணியில் அத்தை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆத்தா?" என்றது அந்தப் பக்கம். பிறகு, "நீயா பேசுற?"

"செத்தவதான்யா பேசுறேன். எப்ப வார?"

ஆறடி ஆள் அவன், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். போனுக்குள் அவன் அழுத அழுகையைக் கேட்டு அக்கா கொல்லைப் பக்கம் திரும்பிக்கொண்டார். லீவு கேட்கிறேன் ஆத்தா, இன்றைக்கே கேட்கிறேன் என்றான். "அதத்தான கேட்டுக்கிட்டே இருக்க" என்று சொல்லி அத்தை வைத்துவிட்டார். போனை இடுப்பில் செருகப் போனார், மடி அவிழ்ந்துவிட்டது. மடியிலிருந்த மொட்டெல்லாம் வரப்பில் கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம்.

"இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துடுறோம்மா" என்றார் அக்கா.

"மத்தவுக படத்துல எடுத்துருங்க. எம் படத்துல பூவு இருக்கட்டும். அவன் வந்து எறங்குனப்புறம் எடுத்தாப் போதும்."

நர்ஸக்கா கடைசி மொட்டையும் பொறுக்கி அத்தையின் மடியில் போட்டார். திரும்பி வரும்போது இணையதளத்தை மூடு என்று அவர் மறுபடி சொல்லவில்லை. அன்றே நூற்று முப்பத்தொன்பது முகங்களிலிருந்து பூவை எடுத்தேன், தேதிகளையும் எடுத்தேன். அத்தையின் படம் மட்டும் பூவோடு நின்றது.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுத் திருச்சியில் மகளோடு இருக்கிறார். பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவர்களை வரைந்து அனுப்புகிறார், நான் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். நூற்று நாற்பது இன்று நானூறைத் தாண்டிவிட்டது. வெளியூர்களிலிருந்து ஓவியம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு வெறுமையாக வைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் அலங்காரம் செய்யலாமே என்று எழுதுகிறார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அவர்களிடம் எதை விளக்க?

அந்தக் காலைக்குப் பதினோராவது நாள் அத்தையின் மகன் வந்து இறங்கினான். திருச்சி விமான நிலையத்திலிருந்து நேராகக் கொல்லைக்கு வந்தானாம், பெட்டியைக்கூட வீட்டில் இறக்காமல். அக்கா போனில் "எடுத்துரு" என்று ஒரே சொல்லில் சொன்னார். நானும் எடுத்துவிட்டேன். தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்து வந்த புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்ட மகள்வழிப் பேத்தியை அரைமணி நேரம் மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள், நேரம் முடிந்தும் போகாமல் என் மேசைக்கு வந்து நின்றார். அக்காவின் படங்களில் அவர் முகமும் உண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எம் மகன் சிங்கப்பூர்ல இருக்கான் தாயி. எட்டு வருசமாச்சு. அந்தப் பூவ ரெண்டு நாளைக்கு எம் படத்துலயும் வச்சு விடேன்."

நான் திரும்பி நர்ஸக்காவைப் பார்த்தேன். அவர் ஊசிப் பெட்டியை மூடியபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய்யின்னு தெரிஞ்சா ஒங்க மகன் கோவிச்சுக்குவாரும்மா" என்றேன்.

"அதுக்கென்னத்தா, கோவிச்சுக்கிறதுக்காச்சும் நேர்ல வரட்டுமே" என்றார்.