கோபத்தை அடக்கும் செயலி, பொள்ளாச்சி பஸ்ஸில்

சர்வதேச இளைஞர் அமைதி மாநாட்டில், கோபத்தை அடக்க நான் உருவாக்கிய செயலிக்கு நல்ல கைதட்டல். அந்தப் பெருமையோடு இன்று ஊர் திரும்பினேன்.

கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். மாநாட்டுப் பையை ஜன்னல் வழியாக எறிந்து பொள்ளாச்சி பஸ்ஸில் சீட் பிடித்தேன்.

ஏறிப் பார்த்தால் பை தரையில் கிடக்கிறது, சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, அது என்ற சீட்டுங்க."

"பையா ஊருக்குப் போகுதுங்க? அக்கட்ட போங்க தம்பி."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூக்கில் குத்தினார். 'மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்' என்று செயலி என் வாட்சில் அதிர்ந்தது. அதே கையால் அவரை அறைந்தேன். அடுத்த குத்தில் என் உதடு கிழிந்தது.

கண்டக்டர் எங்களைப் பிரித்துவிட்டு, பையில் இருந்த எழுத்தைப் படித்தார்.

"அமைதி மாநாடுங்களா? தோத்துப்போட்டு வாரீங்களாட்ட இருக்குது."

பஸ்ஸே சிரித்தது. பொள்ளாச்சி வரை ரத்தத்தைத் துடைத்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

செயலியில் ஒரு குறையும் இல்லை, சரியான நேரத்தில்தான் எச்சரித்தது. யாருக்காவது வேண்டுமா?